லெனேசியா வீட்டில் ஹாலிஹாக்: பூவைவிடத் துருநோய்தான் பெரிய வேலை

ஹாலிஹாக் ஆள் உயரத்துக்குத் தண்டு விட்டுப் பூக்கும் தோட்டச்செடி. அதன் விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் போட்டிருக்கும் மாதங்களை முதலில் பேனாவால் அடித்துவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் பாக்கெட் என்றால் மே, ஜூனில் விதைப்பு, அடுத்த ஜூலையில் பூ என்று இருக்கும். தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க்கில் ஜூன் என்றால் நடுக்குளிர்காலம், விடிகாலையில் புல்தரை முழுக்க வெள்ளையாக உறைபனி. பருவம் இங்கே தலைகீழ், ஆறு மாதம் தள்ளிப் படித்தாலும் மாதங்கள் முழுக்கப் பொருந்தாது. இங்கே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவுக்குள் விதைப்பு, குளிர்காலம் முழுக்கச் செடி தரையோடு தரையாக இலைக்கொத்தாக உட்கார்ந்திருக்கும், ஆகஸ்ட் கடைசியில் மெல்ல அசையும், அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை பூ. செப்டம்பரிலும் விதைக்கலாம்தான், ஆனால் பெரும்பாலான ரகங்கள் அந்தக் கோடையில் பூக்காது, வெறும் இலையை வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுவதும் துருநோயோடு (இலையில் பொட்டுப் பொட்டாக வரும் பூஞ்சை நோய்) மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முதல் வருடமே பூக்கும் மஜோரெட் மாதிரி குட்டை ரகங்களும் உண்டு. எனக்கு அவை வேண்டாம், பின்பக்கத்து பிரிகாஸ்ட் (கான்கிரீட் பலகை) சுவரை மறைக்கிற உயரம்தான் வேண்டியிருந்தது.

எங்கள் வீடு லெனேசியாவில், ஜொஹானஸ்பர்க்குக்குத் தென்மேற்கே. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரம், வருட மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் மாலை நேர இடியோடு கொட்டித் தீர்த்துவிடும், மே முதல் ஆகஸ்ட் வரை வானம் ஒரு சொட்டு தராது. கறிவேப்பிலைக்குச் சாக்குப் போர்த்திக் காப்பாற்ற வேண்டிய ஊர் இது. ஹாலிஹாக்குக்கு அந்தக் கவலையே இல்லை, மைனஸ் 20 டிகிரி அடிக்கிற நாடுகளிலும் பனிக்கடியில் பிழைத்துக் கிடக்கும் செடி, இங்கத்திய மைனஸ் 3, 4 அதற்கு ஒன்றுமேயில்லை. சொல்லப்போனால் அந்தக் குளிர் அதற்கு நல்லது, குளிரைத் தாண்டிய செடிதான் தண்டு விட்டுப் பூக்கும்.

இடம் பார்க்கும்போது ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு விஷயம் குழப்பும். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், அதனால் வடக்கு பார்த்த சுவரடிதான் நாள் முழுக்க வெயில் படும் இடம். ஹாலிஹாக்குக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும், ஆகவே அந்தச் சுவரடிதான். ஆனால் சுவரை ஒட்டி நட்டால் காற்றோட்டம் இருக்காது, காற்றில்லாவிட்டால் இலை காயாது, இலை காயாவிட்டால் துருநோய். சுவரிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி நடுவது என்று முடிவு செய்தேன். படத்தில் பார்ப்பதுபோலச் சுவரில் சாய்ந்து நிற்காது, அது பரவாயில்லை.

மண் சிவப்புக் களிமண், காய்ந்தால் கடப்பாரை கேட்கும், நனைந்தால் செருப்போடு வரும். ஹாலிஹாக் ஆணிவேர்ச் செடி என்பதால் இரண்டு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தினேன், அதாவது 45 சென்டிமீட்டர். மேல் மண்ணைத் தனியாக ஒதுக்கி, கீழ் மண்ணை ஃபோர்க்கால் கிளறி, கிரால் மேன்யூர் மூட்டையைப் பிரித்துக் கொட்டி (மாட்டுப்பட்டி எருதான், எந்த நர்சரியிலும் மூட்டையாகக் கிடைக்கும்), பழைய காய்ந்த இலைமக்கும் சேர்த்து, திரும்ப மேல் மண்ணை மூடினேன். கூடவே 2:3:2 உரம், சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி. ஊரில் டிஏபி போடுகிற மாதிரி இங்கே நடும்போது எல்லோரும் போடுவது இதைத்தான், தழை, மணி, சாம்பல் சத்துகள் அந்த விகிதத்தில் இருக்கும். மணிச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பதால் வேருக்கு நல்லது. அதற்கு மேல் தழைச்சத்து ஊட்டினால் இலை கொழுத்து மென்மையாகும், பூஞ்சைக்கு விருந்து வைத்த கணக்கு.

பக்கத்து வீட்டு ஆண்டி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பூட்டனார் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு நேட்டாலில் வந்து இறங்கிய குடும்பம், இப்போது வீட்டில் ஆங்கிலம்தான், ஆனால் தோட்டத்தில் நிற்கும்போது மட்டும் தமிழ் எங்கிருந்தோ வரும். அவர்கள் தோட்டத்தில் ஒரு அங்குலம் வீணில்லை: வெந்தயக்கீரை, சிவப்புக்கீரை, தனியா, வெண்டை, மடும்பி என்று இங்கே சொல்லும் சேப்பங்கிழங்கு. "ஏன் தம்பி, திங்கிற செடிக்கே நான் இவ்வளவு எரு போடல, இது என்ன செடி?" என்றார்கள். செம்பருத்தி, வெண்டை, பருத்தி குடும்பம்தான் ஆண்டி, பூவிதழை சாலட்டில்கூடப் போடலாம் என்றேன். "அப்போ காய்?" என்றார்கள். காய் ஒன்றுக்கும் உதவாது என்றதும் தலை சுவருக்குப் பின்னால் போய்விட்டது.

விதைப்புக்கு வருவோம். விதை தட்டையாக, காகிதம் மாதிரி ஓரத்தோடு, பார்த்தால் முளைக்காது என்று தோன்றும். நன்றாகவே முளைக்கும். ஊறவைக்க வேண்டாம், அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும், 15 முதல் 20 டிகிரி மண்சூட்டில் 10 முதல் 14 நாளில் வந்துவிடும். நேரடியாகப் பாத்தியில் போடுவதுதான் ஆணிவேருக்கு நல்லது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். இங்கே அதற்குத் தடை ஹடிடா. சாம்பல் நிறத்தில் கோழியைவிடப் பெரிய, நீண்ட வளைந்த மூக்குள்ள பறவை, விடியற்காலையில் அது போடுகிற கத்தலுக்கு லெனேசியாவில் யாருக்கும் அலாரம் தேவையில்லை. புழு தேடிப் புதிதாகக் கொத்திய மண்ணில்தான் வந்து மூக்கை விடும், நாற்றுகள் வேரோடு சாயும். அதனால் டாய்லெட் ரோல் அட்டைக் குழாய்களைத் தட்டில் நிற்கவைத்து மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு விதை, இரண்டும் வந்தால் நோஞ்சானைக் கிள்ளிவிடுவது. குழாய் 10 சென்டிமீட்டர் நீளம், வேர் நேராக இறங்க இடமுண்டு. நிஜ இலை மூன்று, நான்கு வந்ததும் அட்டையோடு அப்படியே பாத்தியில் இறக்கினேன். அட்டையை மண்ணுக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் விட்டு வைத்தால் இன்னொரு நன்மை: இரவில் தண்டைக் கடித்துத் துண்டாக்கும் வெட்டுப்புழு உள்ளே வராது. மெல்ல அட்டை மக்கிப்போகும், அதற்குள் தண்டு முற்றிவிடும்.

செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர். நடும்போது பார்த்தால் பைத்தியக்காரத்தனமான இடைவெளி, நடுவில் வெறும் மண். அந்த வெறும் மண்ணில் நிறையப் பேர் இன்னும் நாலு செடி செருகுவார்கள். வேண்டாம், ஒரு இலைக்கொத்தே குளிருக்கு முன் அரை மீட்டர் விரியும். மரச்சில்லு மூடாக்கு மட்டும் போட்டேன், தண்டடியில் ஒரு கையகலம் விட்டு.

குளிர்காலம் சொல்ல ஒன்றுமில்லை. வாரம் ஒரு முறை அடியில் தண்ணீர், அவ்வளவுதான். வெளி இலைகள் உறைபனியில் கருகும், நடுக்குருத்து பச்சையாக இருக்கும். கருகிய இலையை எடுத்துவிடுங்கள், அதில்தான் அடுத்த கதை இருக்கிறது.

சரி, துருநோய். ஹாலிஹாக் வளர்ப்பது என்றால் உண்மையில் இந்த ஒரு நோயைச் சமாளிப்பதுதான், மற்றதெல்லாம் செடியே பார்த்துக்கொள்ளும். நோயின் பெயர் பக்சினியா மால்வேசியாரம். தென் அமெரிக்கப் பூஞ்சை, முதலில் சிலியில் கண்டது, 1873-ல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே ஹாலிஹாக் போட்டி வளர்ப்பையே முடக்கிப் போட்டது. அங்கே சாஃப்ரன் வால்டன் என்ற ஊரில் வில்லியம் சேட்டர் என்பவர் அடுக்குப் பூ ரகங்களைப் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கி வைத்திருந்தார், இன்றும் சேட்டர்ஸ் டபுள் என்ற பெயரில் விதை விற்கிறார்கள், அந்த மாதிரி ஆட்கள் வளர்த்த பழைய ரகங்களில் எத்தனையோ இந்த நோயில் போயின.

அடையாளம் எளிது. இலையின் மேல்பக்கம் சின்ன மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளி, நடுவில் சற்றுக் குழிந்து இருக்கும். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் செங்கல் நிறத்தில் புடைத்த பொட்டு, கொஞ்ச நாளில் அது சாம்பலேறும். அடியிலையில் ஆரம்பித்து ஏணி ஏறுவது போல மேலே போகும், முற்றினால் இலை ஓட்டை விழுந்து காய்ந்து தொங்கும். செடி சாகாது, பூவும் வரும், ஆனால் இடுப்பளவு வரை காய்ந்த கந்தலோடு நிற்கும் செடியை யார் பார்ப்பது?

இதன் வாழ்க்கைச் சுழல் தெரிந்தால்தான் எங்கே கை வைக்கலாம் என்று புரியும். கோதுமைத் துருநோய்க்குச் சுழல் முழுதாகச் சுற்றிவர பார்பெரி என்ற இன்னொரு செடி வேண்டும், இடையில் பலவகை வித்துகள். ஹாலிஹாக் துருவுக்கு அந்தச் சுற்று வழியெல்லாம் இல்லை, ஒரே குடும்பச் செடியிலேயே எல்லாம் முடியும். செங்கல் நிறப் பொட்டில் இருக்கும் வித்துக்கு ஓய்வுக்காலம்கூடத் தேவையில்லை, இலை நனைந்திருந்தால் இருந்த இடத்திலேயே முளைத்து மெல்லிய சின்ன வித்துகளை உதறும், காற்று அவற்றைப் பக்கத்து இலைக்குக் கொண்டுபோகும், அந்த இலையும் ஈரமாக இருந்தால் உள்ளே இறங்கும், இரண்டு வாரம்போல ஆனால் அங்கே புதுப் பொட்டு. ஆக அதற்கு வேண்டியது இரண்டுதான்: பழைய பொட்டுள்ள இலை ஒன்று, ஈரம். இந்த ஊர் மழைக்காலத்து ஈரத்தை என்னால் நிறுத்த முடியாது. பழைய இலையை எடுக்க முடியும். என் முழு வைத்தியமும் இதன் மேல்தான் நிற்கிறது.

பூஞ்சை குளிர்காலத்தைக் கடப்பது எங்கே என்றால், தரையோடிருக்கும் அந்த உயிருள்ள இலைக்கொத்தில், பிடுங்காமல் விட்ட பழைய தண்டில், அப்புறம் ஒரு களையில். களையின் ஆப்பிரிக்கான்ஸ் பெயர் கீசிபிளார், மால்வா பார்விஃப்ளோரா, துத்திக்கும் ஹாலிஹாக்குக்கும் உறவு, வட்ட இலை மடிப்பு மடிப்பாக இருக்கும், நடைபாதை ஓரம், குப்பைத்தொட்டி அடி, சுவர் இடுக்கு எங்கும் முளைக்கும். நம் செடியில் ஒரு பொட்டும் வருவதற்கு முன்பே இந்தக் களையின் இலையைத் திருப்பிப் பாருங்கள், அதில் அதே செங்கல் நிறப் பொட்டு இருக்கும். வாசலுக்கு வெளியே நடைபாதையில் இருந்ததையெல்லாம் மழைக்கு முன்பே, செப்டம்பரில், வேரோடு பிடுங்கினேன். இதற்கும் ஆணிவேர்தான், காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தோடு அறுந்து திரும்ப முளைக்கும், முதல்நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் இழுத்தால் வரும். ஆண்டி தன் பக்கத்துக் களையையும் பிடுங்கச் சம்மதித்தார்கள், கீசிபிளாரைக் கீரையாக்கிப் பார்க்கலாமா என்று ஒரு கட்டு எடுத்து வைத்துக்கொண்டு. துருப்பிடிக்காத கட்டாகப் பார்த்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் இலைக்கொத்து வளரத் தொடங்கும்போது ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்து, ஒரு பொட்டு இருந்தாலும் அந்த இலையைக் காம்போடு வெட்டினேன். தண்டு முழங்கால் உயரம் வந்ததும், நோய் இருக்கிறதோ இல்லையோ, அடியிலிருந்து 30 சென்டிமீட்டர் வரை இலையே இல்லாமல் எடுத்துவிட்டேன். மழை மண்ணில் அடித்துத் தெறிப்பது அந்த உயரம்தான், கீழே காற்றும் புகும். வெட்டிய இலை கம்போஸ்ட் குவியலுக்குப் போகக்கூடாது, கட்டிய பையில் குப்பை வண்டிக்கு. வெயில் காய்ந்த மதிய வேளையில்தான் வெட்டுவேன், ஈர இலைகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினால் நாமே நோயைப் பரப்புகிறோம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சிக்கல். செப்டம்பர் முதல் மார்ச் வரை காலை 6-லிருந்து மாலை 6 வரை தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்பது ஜொஹானஸ்பர்க் மாநகராட்சி விதி. மாலை 6-க்கு மேல் குழாயைத் திறந்து மேலிருந்து அடித்தால் இலை இரவு முழுக்க நனைந்தே இருக்கும், பூஞ்சை கேட்பது அதைத்தான். ஆகவே 2 லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டி, மூடியில் ஓட்டை போட்டு, தலைகீழாகச் செடிக்கு ஒன்றாகப் புதைத்தேன். ஜோஜோ டேங்கில் பிடித்த மழைத்தண்ணீரை விடியற்காலையில் அதில் ஊற்றிவிட்டால் நேராக வேருக்குப் போகும், இலையில் ஒரு சொட்டும் படாது.

மருந்தும் அடித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. நனையும் கந்தகத் தூள், மழை தொடங்குவதற்கு முன் ஒரு முறை, பிறகு பெரிய மழை கழுவிவிட்ட பின் மறுபடி. கந்தகம் வந்த நோயை எடுக்காது, வராமல் தடுக்கத்தான், அதனால் பொட்டைப் பார்த்த பிறகு அடிப்பது வீண். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், 30 டிகிரிக்கு மேல் வெயில் உள்ள நாளில் அடித்தால் இலை கருகும். ட்ரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகள் இன்னும் வலுவாகக் கேட்கும், ஆனால் பூ திறந்துவிட்டால் நாள் முழுக்கத் தேனீ, எனக்கு மனசு வரவில்லை. என் கணக்கில் இலை எடுப்பது முக்கால் பங்கு வேலை செய்தது, கந்தகம் கால் பங்கு.

நோய் முற்றிலும் வரவில்லையா என்றால், வந்தது. டிசம்பரில் இடுப்புக்குக் கீழே எல்லாச் செடியிலும் பொட்டு இருந்தது. ஆனால் அதற்குள் பூ முக்கால்வாசி முடிந்துவிட்டது, மேல் இலை சுத்தமாக இருந்தது. இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. துருவைத் தாங்கும் வகை வேண்டுமென்றால் வழக்கமான ஹாலிஹாக்கான அல்சியா ரோசியாவை விட்டுவிட்டு அத்தி இலை ஹாலிஹாக் எனப்படும் அல்சியா ஃபிசிஃபோலியா, அல்லது மஞ்சள் பூ மட்டும் தரும் அல்சியா ருகோசா தேடுங்கள். நோயே வராது என்றில்லை, வெகுவாகக் குறையும்.

இடையில் ஆகஸ்ட் காற்று. செம்மண் புழுதியோடு அடிக்கும், அப்போது தண்டு இல்லாததால் கவலையில்லை, ஆனால் முட்டுக்கம்பை அப்போதே நட வேண்டும், பிறகு நட்டால் ஆணிவேரைக் குத்திவிடும். வேலிக்குப் போடும் இரும்பு டிராப்பர் கம்பிகளை நட்டேன், 2 மீட்டர் தண்டுக்கு மூங்கில் போதாது. தண்டைப் பழைய டீ-ஷர்ட் கிழிசலால் எட்டு வடிவத்தில் கட்டினேன், அக்டோபர் முழுக்கக் கட்டை மேலே மேலே மாற்றிக்கொண்டே போக வேண்டும். மொட்டு தெரிந்ததும் 3:1:5 உரம் கொஞ்சம், அதில் சாம்பல்சத்து அதிகம்.

நவம்பரில் ஆலங்கட்டி. ஹைவெல்ட் எனப்படும் இந்த உயர்ந்த மேட்டுச் சமவெளியில் இது வருடா வருடம் எதிர்பார்க்க வேண்டியதுதான், பதினைந்து நிமிடம் பெய்தால் போதும், கார் பானெட்டும் தோட்டமும் ஒரே கதி. வலையை மேலே கட்டியிருந்த பக்கம் தப்பியது, வலை கட்டாத பக்கத்தில் இரண்டு செடிக்கு நுனி முறிந்தது. முறிந்த இடத்துக்குக் கீழே சுத்தமாக வெட்டிவிட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் வந்து அவற்றிலும் பூத்தன, உயரம் மட்டும் இல்லை, பூ தாமதம். வெட்டாமல் விட்டால் முறிந்த தண்டின் பஞ்சு போன்ற உள்பகுதிக்குள் தண்ணீர் இறங்கி அழுகும்.

பூ கீழிருந்து மேலாகத் திறக்கும், ஒரு தண்டு ஒரு மாதத்துக்கு மேல் நின்று பூக்கும். ஒற்றை அடுக்கு ரகம்தான் என் தேர்வு. அடுக்குப் பூ மழையில் நனைந்த துணியாகத் தொங்கும், மகரந்தம் தேனீக்கு எட்டாது. கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும் நிக்ரா ரகம் ஒன்று இரண்டு வைத்தேன், வெளிர் மஞ்சளுக்குப் பக்கத்தில் அது நிற்கும் அழகே தனி, தனியாக நட்டால் பிரிகாஸ்ட் சுவர் நிறத்தில் காணாமல் போய்விடும்.

இந்தச் சமயத்தில்தான் சிஎம்ஆர் வண்டு வரும். கறுப்பில் மஞ்சள் பட்டை, பழைய கேப் மவுண்டட் ரைஃபிள்மென் படையின் சீருடை நிறம் என்பதால் அந்தப் பெயர். செம்பருத்தி, ரோஜா, ஹாலிஹாக் எதுவானாலும் இதழைத் தின்று காம்பை மட்டும் விடும். வெறுங்கையால் நசுக்காதீர்கள், உடம்பில் காந்தரிடின் என்ற நஞ்சு, தோல் கொப்பளிக்கும். குளிர்ந்த விடிகாலையில் மந்தமாக இருக்கும்போது கையுறை போட்டு சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுவேன். எல்லாவற்றையும் கொல்வதில்லை, இதன் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டையைத் தின்னும், அந்த உதவிக்காகக் கொஞ்சம் பூ போனால் போகட்டும்.

இதழ் உதிர்ந்து காய் பழுப்பேறியதும் வட்டமாக அடுக்கிய விதை வளையத்தைப் பிரித்து, சுற்றியிருக்கும் புல்லிதழைச் சுத்தமாக நீக்கி வையுங்கள். அந்தப் புல்லிதழிலும் துருப் பொட்டு வரும், விதையோடு சேர்ந்து அடுத்த பாத்திக்கு இலவசப் பயணம் செய்யும். காகித உறையில், வருடம் எழுதி. நிறம் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம், தேனீ எல்லாவற்றையும் கலந்துவிடும், வெளிர் மஞ்சளில் எடுத்த விதையில் என்ன வருகிறதோ அதுதான்.

பூ முடிந்த செடியை அடியோடு வெட்டினால் மறு வருடமும் துளிர்க்கும், சிலர் அப்படி மூன்று நான்கு வருடம் வைத்திருக்கிறார்கள். நான் வைப்பதில்லை, ஜனவரியில் ஃபோர்க்கால் குத்தித் தூக்கி வேரோடு எறிந்துவிட்டேன். அந்தப் பழைய கட்டைதான் பூஞ்சைக்குக் குளிர்கால வீடு. அதற்குப் பதிலாகத் தோட்டத்தின் எதிர்மூலையில், கேட் பக்கம், ஒவ்வொரு பிப்ரவரியும் புது நாற்று. பழைய பாத்தியில் இந்த வருடம் ஆண்டி கொடுத்த மடும்பிக் கிழங்கு.

டர்பனில் இருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அங்கே கடற்கரை ஈரத்தில் இலை காய்வதே இல்லை, துரு இரட்டிப்பு வேகம். ஃபிசிஃபோலியா விதையை மார்ச்சில் போட்டு, செடிக்குச் செடி 75 சென்டிமீட்டராவது விட்டு, கடல்காற்று நேராகப் புகுந்து போகும் திறந்த இடத்தில் வையுங்கள், சுவரடி வேண்டவே வேண்டாம்.